எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஊரிலேயே இலவசப் பயிற்சி: என்.எம்.எம்.எஸ். வகுப்பைத் தொடங்கி நடத்துவது எப்படி?

அரசுப் பள்ளியிலோ அரசு உதவி பெறும் பள்ளியிலோ எட்டாம் வகுப்பு படிக்கும் பிள்ளை, பெற்றோரின் ஆண்டு வருமானம் 3.5 லட்சம் ரூபாய்க்கு மேல் போகாமல் இருந்தால், என்.எம்.எம்.எஸ். தேர்வு எழுதலாம். தேர்வானால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை மாதம் 1,000 ரூபாய் கணக்கில் ஆண்டுக்கு 12,000 ரூபாய், நான்கு ஆண்டுக்கு 48,000 ரூபாய், பிள்ளையின் வங்கிக் கணக்குக்கே வரும். தேசிய வருவாய்வழி மற்றும் தகுதி உதவித்தொகைத் திட்டம் என்பது முழுப்பெயர். ஒன்றிய அரசு 2008இல் தொடங்கியபோது மாதம் 500 ரூபாயாக இருந்தது. 2017 ஏப்ரலில் இரட்டிப்பானது. நாடு முழுக்க ஆண்டுக்கு 1 லட்சம் பேருக்குத் தருகிறார்கள். அதில் தமிழ்நாட்டின் பங்கு 6,695.

எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிடக் கூடாது என்பதற்காகவே இந்தத் திட்டம் வந்தது. ஊரில் நடுநிலைப் பள்ளிதான் இருக்கிறது, ஒன்பதாம் வகுப்புக்குப் பக்கத்து ஊருக்குப் பஸ் ஏற வேண்டும் என்னும்போது, பெண்பிள்ளையை அனுப்புவதா வேண்டாமா என்று வீட்டில் பேச்சு வரும். அந்தப் பேச்சில் இந்த 12,000 ரூபாய் அவள் பக்கம் நின்று பேசும். அதனால்தான் ஊருக்கு ஒரு பயிற்சி வகுப்பாவது இருக்க வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

பட்டம் முடித்துவிட்டு டிஎன்பிஎஸ்சிக்குப் படித்துக்கொண்டிருப்பவர், இல்லம் தேடிக் கல்வியில் வகுப்பெடுத்துப் பழகியவர், ஓய்வுபெற்ற ஆசிரியர் என யார் வேண்டுமானாலும் இதைத் தொடங்கலாம். ஆனால் ஒன்றை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் பார்த்தவரை, கெட்டிக்காரப் பிள்ளைகள் இந்த உதவித்தொகையை இழப்பது கேள்வி கடினமாக இருப்பதால் மட்டும் இல்லை. வருமானச் சான்றிதழ் வரவில்லை, ஆதாரில் பெயர் வேறு மாதிரி இருக்கிறது, ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்த புதுப் பள்ளிக்கு விஷயமே தெரியவில்லை என்று வழியில் எங்கேயாவது நழுவிவிடுகிறார்கள். பாடம் நடத்துவது பாதி வேலை. பிள்ளை நழுவாமல் கூடவே போவது மீதிப் பாதி.

முதலில் தலைமையாசிரியரைப் பாருங்கள்

பிள்ளைகளைத் திரட்டுவதற்கு முன் பள்ளிக்குப் போங்கள். இந்தத் தேர்வுக்குப் பிள்ளையோ பெற்றோரோ நேரடியாக விண்ணப்பிக்க முடியாது. தலைமையாசிரியர்தான் அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் இணையதளத்தில் விவரங்களைப் பதிவேற்ற வேண்டும். அவரை விட்டுவிட்டு நடத்தும் வகுப்பு, கடைசியில் அவர் வாசலில்தான் வந்து நிற்கும்.

பல பள்ளிகளில் கணக்கு ஆசிரியரோ அறிவியல் ஆசிரியரோ ஏற்கெனவே தன் முயற்சியில் பயிற்சி கொடுத்துக்கொண்டிருப்பார். அங்கே புதிதாக இன்னொரு வகுப்பு வேண்டாம். "சார், மனத்திறன் பகுதியை நான் பார்த்துக்கொள்ளட்டுமா?" என்று கேளுங்கள். யாரும் நடத்தவில்லை என்றால், பள்ளி நேரத்துக்குப் பிறகு ஒரு வகுப்பறை கிடைக்குமா என்று கேளுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் விஷயத்தைச் சொல்லி, தீர்மானப் புத்தகத்தில் எழுதவைத்துவிட்டால் பிறகு யார் கேட்டாலும் பதில் இருக்கும். தலைமையாசிரியர் மாறினாலும் வகுப்பு நிற்காது.

இன்னொன்று கண்டிப்பாகச் செய்ய வேண்டியது. வகுப்பு நடக்கும் நேரம் முழுக்கக் கதவு திறந்திருக்கட்டும். பெரியவர்கள் குறைந்தது இருவர், அதில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். மாலை வகுப்பு முடிந்து பிள்ளைகள் யாரோடு வீட்டுக்குப் போகிறார்கள் என்பதையும் ஒரு நோட்டில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். பெற்றோர் நம்பி அனுப்புவதற்கு வேறெதையும்விட இது உதவும்.

யாரைச் சேர்ப்பது?

தேர்வு எழுதத் தகுதி இதுதான்: ஏழாம் வகுப்பில் 55 சதவீதம் மதிப்பெண், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர் என்றால் 50 சதவீதம். தனியார் பள்ளி, கேந்திரிய வித்யாலயா, நவோதயா பிள்ளைகளுக்கு இது கிடையாது.

தகுதி உள்ளவர்களில் முதல் ஐந்து ரேங்க் மட்டும் போதும் என்று யாராவது சொல்வார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். மொத்தம் 180 கேள்வியில் பாதி, அதாவது 90 கேள்வி, பாடப் புத்தகத்தில் இல்லாத மனத்திறன் கேள்விகள். வகுப்பில் பதினைந்தாவது இடத்தில் இருக்கும் பையன் அதில் எல்லோரையும் தாண்டிப் போவான். கடையில் நின்று சில்லறை எண்ணிப் பழகிய பிள்ளை, ஆடு மேய்த்துவிட்டு வந்து உட்காரும் பிள்ளை, எழுத்துப் பிழையோடு எழுதினாலும் யோசிக்கத் தெரிந்த பிள்ளை, இவர்கள் பள்ளி மதிப்பெண் பட்டியலில் மேலே இருக்க மாட்டார்கள்.

அதனால் ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் எல்லோருக்கும் சின்னதாக ஒரு விளையாட்டுத் தேர்வு வையுங்கள். 2, 6, 12, 20, 30, அடுத்து என்ன? கேட்டுவிட்டு விடையைப் பார்க்காதீர்கள், எப்படி யோசித்தாய் என்று கேளுங்கள். ஒரு பிள்ளை 4, 6, 8, 10 என்று கூடிக்கொண்டே போகிறது, அடுத்து 12 கூட்டணும் என்பாள். இன்னொருவன் ஒன்று இரண்டு, இருமூன்று ஆறு, முந்நான்கு பன்னிரண்டு என்று வாய்ப்பாடாகப் பார்த்து ஆறேழு நாற்பத்திரண்டு என்பான். இருவருக்கும் 42தான் வரும். இப்படித் தன் வழியைச் சொல்லத் தெரிந்தவர்களை விடாதீர்கள். தடுமாறுகிறவர்களையும் ஒதுக்க வேண்டாம். அறையில் இடம் இருக்கிறவரைக்கும் வருகிறவர் எல்லோரும் உட்காரட்டும்.

சான்றிதழ் வேலையை ஜூலையிலேயே முடியுங்கள்

விண்ணப்ப அறிவிப்பு வழக்கமாக ஆண்டுக் கடைசியில் வரும். பதிவேற்றக் கொடுக்கும் நாட்கள் குறைவு. அப்போதுதான் ஓடத் தொடங்கினால் வடகிழக்குப் பருவமழையும் அரையாண்டுத் தேர்வும் சேர்ந்து நெருக்கும். ஆகவே ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பிளாஸ்டிக் உறை வாங்கி, அதில் கீழே சொல்பவற்றைச் சேர்க்கத் தொடங்குங்கள்.

வருமானச் சான்றிதழ். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் என்று போய் வட்டாட்சியர் அலுவலகத்தில் முடியும். ஓராண்டுதான் செல்லும் என்பதால் பழையதை நம்ப வேண்டாம். அப்பா இல்லாத வீடு, அம்மா வெளியூர் வேலைக்குப் போய்ப் பாட்டியிடம் வளரும் பிள்ளை, இவர்களுக்குத்தான் கூடுதல் நாள் ஆகும். ஆகவே அவர்களிடமிருந்து தொடங்குங்கள். பெற்றோருக்கு ஒரு நாள் கூலி போகாமல் இருக்க, நாலைந்து பேரை ஒன்றாக அழைத்துப் போவது நல்லது.

சாதிச் சான்றிதழ். தேர்ந்தெடுப்பது இடஒதுக்கீட்டின்படி என்பதால் இது முக்கியம்.

ஆதார். இங்கேதான் சிக்கல் அதிகம். நம் ஊரில் இனிஷியலைப் பள்ளியில் பெயருக்கு முன்னால் எழுதியிருப்பார்கள், ஆதாரில் பின்னால் இருக்கும், வங்கியில் அப்பா பெயர் முழுசாக இருக்கும். எமிஸ் என்னும் பள்ளியின் இணையப் பதிவு, ஆதார், வங்கிப் புத்தகம் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஆங்கில எழுத்து ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். பிறந்த தேதியையும் பாருங்கள். ஆதாரில் கொடுத்த செல்போன் எண் இப்போது உயிரோடு இருக்கிறதா என்றும் கேளுங்கள், ஓடிபி அதற்குத்தான் வரும். ரீசார்ஜ் பண்ணாமல் விட்டுப்போன எண்கள் நிறைய இருக்கும். 15 வயதானதும் கைரேகை, கண் பதிவைப் புதுப்பிக்க வேண்டும் என்பது கட்டாயம். அதையும் பெற்றோரிடம் இப்போதே சொல்லிவையுங்கள்.

வங்கிக் கணக்கு பிள்ளையின் பெயரில் இருந்து, அதோடு ஆதார் இணைந்திருக்க வேண்டும். வங்கி தூரமாக இருந்தால் தபால்காரரிடம் கேளுங்கள், இந்தியா போஸ்ட் பேமெண்ட்ஸ் வங்கிக் கணக்கை அவர் வீட்டுக்கே வந்து தொடங்கித் தருவார்.

இடம், நேரம், சுண்டல்

வாரத்தில் மூன்று மாலை ஒன்றரை மணி நேரம், சனிக்கிழமை காலை மூன்று மணி நேரம் என்று வைத்தால் போதும். தினமும் வைத்தால் முதல் மாதத்திலேயே நீங்களும் களைத்துப்போவீர்கள், பிள்ளைகளும் களைத்துப்போவார்கள்.

பசியோடு இருக்கும் பிள்ளைக்கு மாலை ஐந்து மணிக்கு மேல் எதுவும் ஏறாது. கொண்டைக்கடலை, பாசிப்பயறு, வேர்க்கடலை என்று ஏதாவது ஒன்றை அவித்துக் கொடுங்கள். வகுப்புச் செலவில் மிக முக்கியமான செலவு இதுதான். உதவி செய்கிறேன் என்று யாராவது வந்தால் பணமாக வாங்காமல் ஒரு மாதத்துப் பயறு, ஒரு பண்டல் வெள்ளைத்தாள், ஜெராக்ஸ் செலவு என்று பொருளாகக் கேளுங்கள். பிள்ளைகளிடம் ஒரு ரூபாயும் வாங்காதீர்கள். தாள் செலவுக்குப் பத்து ரூபாய் என்று தொடங்கினாலும், அந்தப் பத்து ரூபாய் இல்லாத நாளில் பிள்ளை வராமல் நின்றுவிடும், காரணத்தையும் சொல்லாது.

பெண்பிள்ளைகள் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது என்பார்கள். அந்தக் குழந்தைகளையும் தூக்கிக்கொண்டு வரச் சொல்லுங்கள். ஒரு மூலையில் சிலேட்டும் சாக்பீஸும் கொடுத்து உட்காரவைத்தால் ஆயிற்று.

மேட்: யோசிக்கப் பழக்குவது

தேர்வில் இரண்டு தாள். முதலாவது மேட் என்னும் மனத்திறன் தேர்வு: 90 கேள்வி, 90 நிமிடம். எண் தொடர், எழுத்துத் தொடர், ஒப்புமை, பொருந்தாததைக் கண்டுபிடித்தல், குறியீடு, திசை, நாட்காட்டி, பகடை, கண்ணாடி பிம்பம், மறைந்திருக்கும் உருவம், வென்படம் என்று வரும். இவற்றுக்குக் குறுக்குவழிப் புத்தகம் வாங்கி மனப்பாடம் பண்ணவைக்காதீர்கள். கையில் எடுத்துச் செய்து பார்த்ததைப் பிள்ளை மறக்காது.

திசைக் கணக்கை மைதானத்தில் நடத்துங்கள். வடக்கே பத்தடி நட, வலப்பக்கம் திரும்பு, ஐந்தடி நட, இப்போ எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறாய்? இரண்டு நாள் நடந்தால் தாளில் படம் போடாமலே சொல்வார்கள். பகடைக்குச் சாக்பீஸ் பெட்டி அட்டையை வெட்டி ஒட்டிக்கொள்ளலாம். கண்ணாடி பிம்பத்துக்கு வீட்டிலிருந்து ஒரு சின்னக் கண்ணாடி.

தமிழ்வழிப் பிள்ளைகளுக்கு எழுத்துத் தொடர்தான் முதலில் பயம் தரும். ஆங்கில எழுத்துகளை வரிசையாகச் சொல்லிவிடுவார்கள்; ஆர் எத்தனையாவது என்றால் விரல்விட்டு எண்ணுவார்கள். இ, ஜே, ஓ, டி, ஒய் என்ற ஐந்தை மட்டும் மனதில் நிறுத்தவையுங்கள்: 5, 10, 15, 20, 25. டி 20, அதற்கு இரண்டு முன்னால் ஆர், ஆகவே 18. கடைசியிலிருந்து எத்தனையாவது என்று கேட்டால் 27இல் கழி: 9. இவ்வளவுதான் விஷயம் என்று தெரிந்ததும் அந்தப் பயம் போய்விடும்.

நாட்காட்டிக் கணக்கும் அப்படித்தான். சாதாரண ஆண்டில் 52 வாரமும் ஒரு நாளும் இருக்கிறது. அந்த ஒரு நாளால்தான் கிழமை ஒன்று தள்ளிப்போகிறது. 2026 குடியரசு தினம் திங்கட்கிழமை என்றால் 2027இல் செவ்வாய், 2028இல் புதன். 2029இல் வியாழனா? இல்லை, நடுவில் 2028 பிப்ரவரி 29 வந்துவிட்டதே, வெள்ளி. பிள்ளைகள் தங்கள் பிறந்தநாளுக்கு இதைப் போட்டுப் பார்க்கட்டும், விடாமல் போடுவார்கள்.

சாட்: புத்தகத்தைப் படிப்பது

இரண்டாவது தாள் சாட் என்னும் படிப்பறிவுத் தேர்வு. அதில் அறிவியல் 35, சமூக அறிவியல் 35, கணக்கு 20 கேள்விகள். இதற்கும் 90 நிமிடம். எண்ணிக்கையைப் பாருங்கள்: சமூக அறிவியலுக்குக் கணக்கைவிட 15 கேள்வி கூடுதல். ஆனால் பெரும்பாலான வகுப்புகளில் கணக்குக்கே நேரம் முழுக்கப் போகிறது, வரலாறும் புவியியலும் தாமாகப் படித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். அப்படி விடாதீர்கள்.

கேள்விகள் ஏழாம், எட்டாம் வகுப்புப் பாடநூல்களிலிருந்து வரும். வெளியில் வாங்கும் வழிகாட்டி நூல்களைவிட அரசு பாடநூலே போதும். ஏழாம் வகுப்பின் பருவப் புத்தகங்களைப் பிள்ளைகள் தொலைத்திருப்பார்கள். ஒன்பதாம் வகுப்புக்குப் போன அண்ணன் அக்காக்களிடம் கேட்டுச் சேகரியுங்கள். ஜூலை முதல் செப்டம்பர் வரை ஏழாம் வகுப்பு, அக்டோபர் முதல் டிசம்பர் வரை எட்டாம் வகுப்பு என்று பிரித்துக்கொள்ளலாம். தேர்வு வரும்போது பள்ளியில் எட்டாம் வகுப்புப் பாடம் முழுக்க முடிந்திருக்காது என்பதால், பின்பகுதிப் பாடங்களை நீங்கள் முன்கூட்டியே தொட்டாக வேண்டும்.

பாடத்தை நீங்களே நடத்திக்கொண்டிருக்காமல், பிள்ளைகளையே கேள்வி எழுதச் சொல்லுங்கள். வேலூர்ப் புரட்சி நடந்த ஆண்டு எது என்று ஒருத்தி எழுதுகிறாள், சரியான விடை 1806. தப்பான மூன்று விடைக்குச் சும்மா ஏதோ எண்ணைப் போடக் கூடாது, அதே பாடத்திலிருந்துதான் எடுக்க வேண்டும் என்று விதி வையுங்கள். அப்போது கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட 1799, மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட 1801, பெரும்புரட்சி நடந்த 1857 என்று தேடி எடுப்பாள். ஒரு கேள்வி எழுதி முடிப்பதற்குள் நான்கு நிகழ்ச்சிகள் தெரிந்துவிடும். பக்கத்துப் பிள்ளையை ஏமாற்ற வேண்டுமே என்ற ஆசையில் பாடத்தை மூன்று தடவை படிப்பாள்.

மாதிரித் தேர்வு

பழைய வினாத்தாள்களும் விடைக்குறிப்பும் அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் இணையதளத்தில் கிடைக்கும். டிசம்பரிலிருந்து வாரம் ஒரு முழுத் தேர்வு வையுங்கள். ஓ.எம்.ஆர். தாளை ஜெராக்ஸ் எடுத்து, பந்துமுனைப் பேனாவால் வட்டத்தை நிரப்பப் பழக்குங்கள். நன்றாகப் படிக்கும் பிள்ளைகூட ஒரு கேள்வியைத் தாண்டிவிட்டு, அடுத்த விடையைத் தாண்டிய வரிசையிலேயே நிரப்பிவிடும். அதன் பிறகு எல்லாமே ஒன்று தள்ளிப்போகும். பத்துக் கேள்விக்கு ஒரு தடவை எண்ணைச் சரிபார்க்கும் பழக்கம் வேண்டும். தப்பான விடைக்கு மதிப்பெண் குறைப்பது கிடையாது, ஆகவே கடைசி இரண்டு நிமிடத்தில் எந்த வட்டமும் காலியாக இருக்கக் கூடாது.

தகுதி மதிப்பெண் இரண்டு தாளும் சேர்த்து 40 சதவீதம், அதாவது 180க்கு 72. பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கு 32 சதவீதம், 58 எடுக்க வேண்டும். இது தகுதிக்கு மட்டும்தான். தகுதி பெற்றவர்களில், இடஒதுக்கீட்டின் ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் மதிப்பெண் வரிசைப்படியே இடம் கிடைக்கும், ஆகவே 72 வந்ததும் நிறுத்திவிடக் கூடாது. மாதிரித் தேர்வு மதிப்பெண்ணைச் சுவரில் ஒட்டாதீர்கள், பெற்றோர் முன்னால் வாசிக்காதீர்கள். ஒவ்வொரு பிள்ளையிடமும் தனியாக, போன வாரத்தைவிட எது கூடியிருக்கிறது, எது குறைந்திருக்கிறது என்று மட்டும் பேசுங்கள்.

தேர்வு நாள்

தமிழ்நாட்டில் இந்தத் தேர்வு வழக்கமாக ஜனவரி, பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை நடக்கிறது. இரண்டு தாளும் அன்றே, நடுவில் சிறு இடைவேளையோடு. மையம் பெரும்பாலும் பக்கத்து டவுனில் இருக்கும். முந்தின வாரமே பஸ் நேரம் பார்த்து, முடிந்தால் பிள்ளைகளைக் கூட்டிப்போய்ப் பள்ளியைக் காட்டிவிட்டு வாருங்கள். அன்று காலை இட்லியோ உப்புமாவோ சாப்பிட்டுப் போகட்டும். இடைவேளைக்குப் பிஸ்கட்டும் தண்ணீரும் கையில் இருக்கட்டும். முதல் தாள் விடைகளை இடைவேளையில் பேசவே கூடாது என்று சொல்லி அனுப்புங்கள்.

முடிவு வந்த பிறகுதான் உங்கள் வேலை கூடும்

தேர்வானவர் பட்டியலில் பெயர் வந்ததும் பணம் தானாக வந்துவிடாது. ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்ததும் தேசிய உதவித்தொகை இணையதளத்தில் பதிவுசெய்து புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். அதைப் பள்ளி சரிபார்க்கும், பிறகு மாவட்ட அளவில் சரிபார்ப்பார்கள். இதில் எந்த ஒன்று நின்றாலும் அந்த ஆண்டுப் பணம் போய்விடும்.

நடுநிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்பு முடித்த பிள்ளை உயர்நிலைப் பள்ளிக்கு மாறும்போதுதான் பெரும்பாலும் நூல் அறுகிறது. பழைய பள்ளியில் பிள்ளை இல்லை. புதுப் பள்ளிக்கு இவள் தேர்வானவள் என்பது தெரியாது. ஜூன் மாதமே நீங்கள் பிள்ளையோடும் அம்மாவோடும் போய், முடிவுப் பட்டியலின் நகலைப் புதுத் தலைமையாசிரியர் கையில் கொடுத்து, இந்த வேலையைப் பார்க்கும் ஆசிரியர் யார் என்று கேட்டு அவர் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். பிள்ளை நன்றாகப் படிக்கிறதே என்று தனியார் பள்ளியில் சேர்க்க நினைக்கும் பெற்றோரிடம், அப்படிச் சேர்த்தால் இந்த உதவித்தொகை நின்றுவிடும் என்பதை முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

அடுத்த மூன்று ஆண்டும் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். ஒன்பதிலும் பதினொன்றிலும் முதல் முயற்சியிலேயே தேர்ச்சி பெற வேண்டும். பத்தாம் வகுப்பில் 60 சதவீதம் எடுத்தால்தான் மேல்நிலையில் தொடரும், பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கு 55 சதவீதம். ஆகவே உங்கள் நோட்டில் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கு வரி ஒதுக்குங்கள்: விண்ணப்பித்த தேதி, பள்ளி சரிபார்த்த தேதி, மாவட்டம் சரிபார்த்த தேதி, பணம் வந்த தேதி. புதுப்பிக்கும் மாதத்தில் பழைய பிள்ளைகளை ஒரு சனிக்கிழமை வரவழைத்து எல்லோருக்கும் சேர்த்துப் போட்டுவிடலாம். மூத்தவர்களே இளையவர்களுக்குப் போட்டுக்கொடுக்கும் நிலை இரண்டாம் ஆண்டில் வந்துவிடும்.

தேர்வாகாத பிள்ளைகளை அதோடு விட்டுவிடாதீர்கள். கிராமப்புறப் பள்ளிகளின் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஊரகத் திறனாய்வுத் தேர்வு இருக்கிறது; மாவட்டத்துக்கு 50 மாணவர், 50 மாணவியர், ஆண்டுக்கு 1,000 ரூபாய். தொகை சிறியதுதான், ஆனால் ஒருமுறை தவறவிட்ட பிள்ளைக்கு அந்த வெற்றி தேவை. அரசுப் பள்ளியில் மேல்வகுப்புக்கு வந்ததும் முதலமைச்சர் திறனாய்வுத் தேர்வு. 500 மாணவர், 500 மாணவியருக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய், பட்டப்படிப்பு வரை. அதற்குக் கேள்வி வருவது ஒன்பது, பத்தாம் வகுப்புக் கணக்கு, அறிவியல், சமூக அறிவியலிலிருந்து. பதினொன்றாம் வகுப்பில் தமிழ்மொழி இலக்கியத் திறனறித் தேர்வும் உண்டு; 1,500 பேருக்கு மாதம் 1,500 ரூபாய், இரண்டு ஆண்டுக்கு. தமிழ்ப் புத்தகத்தைக் கரைத்துக் குடிக்கும் பிள்ளை உங்கள் வகுப்பில் ஒன்றாவது இருக்கும். அந்தப் பிள்ளையின் பெயரை இன்றே நோட்டில் எழுதிவைத்து, அறிவிப்பு வந்ததும் வீட்டுக்குப் போய்ச் சொல்லுங்கள்.